ஜனத்தொகையா, நுகர்வா? ஈபி பில்லு, சிலிண்டர், பெட்ரோல் வச்சு நீங்களே கணக்கு போட்டு பாக்குறது எப்படி

சுற்றுச்சூழல் ஏன் இப்படி கெட்டுப்போச்சுன்னு எங்க பேச்சு வந்தாலும் ரெண்டாவது நிமிஷத்துல யாராவது ஒருத்தர் "எல்லாம் ஜனத்தொகை சார், அதை குறைக்காம ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு முடிச்சு வச்சுடுவாங்க, இன்னொருத்தர் "அதெல்லாம் இல்ல, அமெரிக்காக்காரன் காரும் ஏசியும் தான் காரணம்"னு ஆரம்பிப்பாங்க, ரெண்டு பேர் கையிலயும் ஒரு நம்பர் கூட இருக்காது. ஆனா இது வாய்ச்சண்டையா போட வேண்டிய விஷயமே இல்ல, கணக்கா போட்டு பாக்கலாம், பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சா போதும். உங்க வீட்டு ஈபி ரீடிங், சிலிண்டர் புக் பண்ண மெசேஜ், பெட்ரோல் போட்ட கணக்கு மூணும் இருந்தா ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிடும்.

என் கருத்தை மறைக்காம முதல்லயே சொல்லிடுறேன். ஜனத்தொகைக்கு கணக்குல இடம் இருக்கு, இல்லன்னு சொல்றவங்களும் தப்பு தான். ஆனா கார்பன், அதாவது பூமிய சூடேத்துற கார்பன் டைஆக்சைடு புகை மாதிரி விஷயத்துல ஒரு ஆளுக்கும் இன்னொரு ஆளுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் பத்து மடங்கு, இருபது மடங்குன்னு போகுது, தண்ணி, குப்பை, சாக்கடைன்னு வந்தா தான் தலை எண்ணிக்கைக்கு வெயிட் கூடுது. இது ரெண்டையும் பிரிச்சு பாக்காம மொத்தமா "ஜனம் ஜாஸ்தி"ன்னு சொன்னா அந்த பழி நேரா போய் நாலு பிள்ளை பெத்த ஏழை வீட்டு வாசல்ல விழுது, அந்த வீட்ல ஒரு ஃபேன் தான் ஓடும். எனக்கு அது தான் தாங்கல.

முதல்ல எந்த பிரச்சனைன்னு ஒண்ணை எடுங்க

"சுற்றுச்சூழல்"னு மொத்தமா எடுத்தா கணக்கு போட முடியாது. கார்பனா, நிலத்தடி தண்ணியா, குப்பையா, ஆத்துல கலக்குற சாயமான்னு ஒண்ணே ஒண்ணை எடுத்து பேப்பர் மேல எழுதிக்கோங்க. ஒவ்வொண்ணுக்கும் பதில் வேற வேற வரும், முக்கால்வாசி சண்டை ஒருத்தர் தண்ணிய மனசுல வச்சும் இன்னொருத்தர் புகைய மனசுல வச்சும் பேசுறதால தான் வருது.

அப்புறம் இந்த ஒரு வரிய எழுதுங்க:

பாதிப்பு = எத்தனை பேர் × ஒரு ஆளுக்கு எவ்வளவு பயன்பாடு × அந்த பயன்பாடு எவ்வளவு அழுக்கு

இது நான் கண்டுபிடிச்சது இல்ல, 1970களோட ஆரம்பத்துல பால் எர்லிக், ஜான் ஹோல்ட்ரன்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிங்க ஒரு பக்கமும் பேரி காமனர்ங்கற இன்னொரு அமெரிக்க விஞ்ஞானி எதிர் பக்கமும் நின்னு போட்ட சண்டையில இருந்து பொறந்தது. எர்லிக் பக்கம் ஜனத்தொகைய தூக்கி பிடிச்சாங்க, காமனர் "ஜனம் கூடினத விட நாம பொருளை தயாரிக்கிற விதம் மாறினது தான் பெரிய காரணம்"னு நின்னார். மூணாவதா இருக்குற "எவ்வளவு அழுக்கு"ங்கறத விட்டுடாதீங்க, நிலக்கரியில வர்ற ஒரு யூனிட் கரெண்டும் காத்தாடியில வர்ற ஒரு யூனிட் கரெண்டும் ஒண்ணு கிடையாது.

இந்த ஃபார்முலாவ உலகத்துக்கு ஒரு தடவை போட்டு பாருங்க, ஏன்னா இதுல ஒரு பெரிய வலை இருக்கு. 1900ல உலக ஜனத்தொகை சுமார் 160 கோடி, 2000ல சுமார் 610 கோடி, அதாவது கிட்டத்தட்ட 4 மடங்கு. அதே நூறு வருஷத்துல நிலக்கரி, பெட்ரோல், கேஸ் எரிச்சு வந்த கார்பன் டைஆக்சைடு வருஷத்துக்கு சுமார் 200 கோடி டன்ல இருந்து 2,500 கோடி டன்னா ஆச்சு, 12 மடங்குக்கு மேல. 12ஐ 4ஆல வகுத்தா 3, அப்ப ஜனம் 4 மடங்கு, தலைக்கு பயன்பாடு 3 மடங்கு, சரிக்கு சரி, பாத்தியா ஜனத்தொகை தான் கொஞ்சம் ஜாஸ்தின்னு யாராவது சொல்லலாம். கணக்கு தப்பில்ல, ஆனா ஜனம் கூடின இடமும் புகை கூடின இடமும் ஒண்ணு இல்லையே! நைஜீரியால 20 கோடிக்கு மேல ஜனம், தலைக்கு வருஷத்துக்கு ஒரு டன் கூட வராது. அமெரிக்கால 33 கோடி பேர், தலைக்கு 14, 15 டன். ரெண்டையும் ஒரே சராசரியில போட்டு கலக்குனா நைஜீரியால பொறந்த குழந்தை அமெரிக்காக்காரன் காருக்கு பெட்ரோல் போட்ட மாதிரி ஆகிடும். அதனால பெரிய சராசரி எதை பார்த்தாலும் உடனே உடைச்சு பாருங்க, நாடு வாரியா, முடிஞ்சா வருமானம் வாரியா.

உடைச்சு பாக்க சீனா மாதிரி நல்ல உதாரணம் கிடைக்காது. ஒரு குழந்தை தான் பெத்துக்கணும்னு 1980ல இருந்து 2015 வரைக்கும் உலகத்துலயே கடுமையா ஜனத்தொகைய கட்டுப்படுத்துன நாடு அது. 1980ல சுமார் 98 கோடி பேர், 2022ல 141 கோடி, ஒண்ணரை மடங்கு கூட ஆகல. புகை? சுமார் 150 கோடி டன்ல இருந்து 1,100 கோடி டன்னுக்கு மேல போயிடுச்சு, 7 மடங்கு. 2022ல அங்க ஜனத்தொகை குறையவே ஆரம்பிச்சிடுச்சு, அடுத்த வருஷம் புகை இன்னும் கூடுச்சு. அந்த புகையில ஒரு பங்கு நம்ம கையில இருக்குற போனுக்கும் மத்த நாட்டுக்காரன் வீட்டு பொம்மைக்கும் சேர்ந்தது, அதை பத்தி கீழ வர்றேன்.

இப்ப உங்க வீட்டு கணக்கு

ஒரு வருஷத்துக்கு எடுங்க, ஒரு மாசத்துக்கு எடுக்காதீங்க, ஏன்னா மே மாசமும் டிசம்பர் மாசமும் நம்ம ஊர்ல ஒண்ணு இல்ல.

கரெண்டு: தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு ஒரு ரீடிங், வருஷத்துக்கு 6. உங்க சர்வீஸ் நம்பர போட்டா பழைய ரீடிங் எல்லாம் ஆன்லைன்லயே வரும். இங்க முக்கியமான விஷயம், ரூபாய எடுக்காதீங்க, யூனிட்ட எடுங்க. முதல் 100 யூனிட் இலவசம்ங்கறதால பில்லு சின்னதா தெரியும், ஆனா அந்த 100 யூனிட்டுக்கும் எங்கயோ நிலக்கரி எரிஞ்சிருக்கு. அபார்ட்மெண்ட்ல இருந்தா லிஃப்ட், மோட்டார், காரிடார் லைட்டுக்கு தனி மீட்டர் இருக்கும், அசோசியேஷன்ல கேட்டு அந்த யூனிட்ட வீட்டு எண்ணிக்கையால வகுத்து உங்க பங்க சேத்துக்கோங்க, நிறைய பேர் இதை விட்டுடுவாங்க, விட்டா கணக்கு நல்லாவே இடிக்கும். மொத்த யூனிட்ட 0.7ஆல பெருக்குங்க, அது தான் கிலோ கணக்குல கார்பன். இந்தியால ஒரு யூனிட் கரெண்டுக்கு சராசரியா அவ்வளவு வருது, நிலக்கரி தான் இன்னும் முக்கால்வாசி தூக்குது.

சிலிண்டர்: 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் ஒண்ணு முழுசா எரிஞ்சா சுமார் 42 கிலோ. வருஷத்துக்கு எத்தனைன்னு புக்கிங் மெசேஜ எண்ணுங்க.

வண்டி: பெட்ரோல் லிட்டருக்கு சுமார் 2.3 கிலோ, டீசல் 2.7. கிலோமீட்டர வச்சு மைலேஜ் கணக்கு போட்டு குழம்ப வேணாம், மாசம் எத்தனை லிட்டர் போடுறீங்கன்னு பாருங்க, பங்க்ல பணம் கட்டுன மெசேஜ்லயே ரூபா இருக்கும், அன்னைக்கு விலையால வகுத்தா லிட்டர் வந்துடும். ஜெனரேட்டர் ஓடுற அபார்ட்மெண்டா இருந்தா அந்த டீசலையும் சேருங்க.

விமானம்: இதை எழுத வேண்டியது ரொம்ப கொஞ்சம் பேர் தான், ஆனா எழுதினவங்களுக்கு கணக்கே தலைகீழா மாறிடும். சென்னையில இருந்து டெல்லி போயிட்டு வந்தா ஒரு ஆளுக்கு தோராயமா 300 கிலோ. லண்டன் போயிட்டு வந்தா ஒரு டன்னுக்கு மேல.

எல்லாத்தையும் கூட்டி வீட்ல எத்தனை பேரோ அத்தனையால வகுங்க. கைக்குழந்தையும் ஒரு ஆள் தான், ஹாஸ்டல்ல படிக்கிற பையன அவன் வீட்டுக்கு வர்ற மாசத்துக்கு மட்டும் சேத்தா போதும்.

ரெண்டு வீட்ட போட்டு காட்டுறேன், கற்பனை வீடு தான், ஆனா இந்த மாதிரி வீட்ட நீங்க தினமும் பாத்திருப்பீங்க. ஒண்ணு மதுரையில ஒரு லைன் வீடு, தாத்தா பாட்டி, புருஷன் பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க, 6 பேர். ரெண்டு மாசத்துக்கு 220 யூனிட், வருஷத்துக்கு 1,320, கார்பன் 924 கிலோ. சிலிண்டர் 10, அதுக்கு 420 கிலோ. ஒரு பைக், மாசம் 10 லிட்டர், வருஷத்துக்கு 276 கிலோ. மொத்தம் 1,620 கிலோ, ஆளுக்கு 270.

இன்னொண்ணு சென்னையில ஐடி கம்பெனிங்க இருக்குற ஓஎம்ஆர் ரோடு பக்கம் ஒரு ஃப்ளாட், அப்பா அம்மா ஒரு பொண்ணு, 3 பேர். "நாங்க ஒண்ணோட நிறுத்திட்டோம்"னு சந்தோஷமா சொல்றவங்க. ரெண்டு மாசத்துக்கு 1,100 யூனிட், வருஷத்துக்கு 6,600, கார்பன் 4,620 கிலோ. சிலிண்டர் 6, அதுக்கு 252. கார், மாசம் 80 லிட்டர், 2,208 கிலோ. வருஷத்துக்கு ஒரு தடவை மூணு பேரும் டெல்லி பக்கம் டூர், 900. மொத்தம் 7,980 கிலோ, ஆளுக்கு 2,660.

பாதி ஜனம் இருக்குற வீடு கிட்டத்தட்ட 5 மடங்கு எரிக்குது, தலைக்கு பாத்தா 10 மடங்கு! இப்ப அந்த மதுரை வீட்ல இன்னொரு குழந்தை பொறந்தா எவ்வளவு கூடும்? மிஞ்சி போனா 270, நிஜத்துல அதை விட கம்மி தான், ஏன்னா அதே ஃபேன், அதே லைட்டு, அதே அடுப்பு. ஓஎம்ஆர் வீட்ல கெஸ்ட் ரூமுக்கு புதுசா ஒரு ஏசி மாட்டுனா? மணிக்கு ஒரு யூனிட், ராத்திரி 8 மணி நேரம், வருஷத்துக்கு 150 ராத்திரின்னு வச்சா 1,200 யூனிட், 840 கிலோ. மதுரை வீட்டு கணக்குல அது 3 ஆள். அந்த 3 ஆள் பொறக்கவே கூடாதுன்னு பேசுறவங்க இந்த ஏசிய பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாங்க.

இங்க ஒரு எச்சரிக்கை. இந்த ஆளுக்கு 270ஐ எடுத்து "இந்தியா சராசரி ஆளுக்கு 2 டன், உலக சராசரி 4.7 டன், அப்ப நாங்க சூப்பர்"னு ஒப்பிடாதீங்க. அந்த சராசரியில சிமெண்ட், ஸ்டீல், ஃபேக்டரி, லாரி எல்லாம் இருக்கு, உங்க வீட்டு கணக்குல அது எதுவும் வரல. நீங்க வாங்குன போன், கட்டுன வீடு, கல்யாணத்துக்கு எடுத்த துணி எல்லாத்துக்கும் பின்னாடி புகை இருக்கு, அதையெல்லாம் வீட்ல உக்காந்து துல்லியமா போட முடியாது. வீட்டுக்கு வீடு ஒப்பிட, போன வருஷத்தோட இந்த வருஷத்த ஒப்பிட மட்டும் இந்த கணக்க வச்சுக்கோங்க. மறைஞ்சிருக்குறத சேத்தா வசதியான வீட்டுக்கும் வசதி இல்லாத வீட்டுக்கும் இடைவெளி இன்னும் கூடும், குறையாது. உலக அளவுல 2019 கணக்குப்படி மேல இருக்குற 10% பேர் தான் கிட்டத்தட்ட பாதி கார்பனுக்கு காரணம், கீழ இருக்குற பாதி ஜனம் சேர்ந்தாலும் 10% வரல.

பத்து வருஷம் முன்னாடி இதே வீட்ல?

அடுத்து பழைய கணக்கையும் பக்கத்துல எழுதுங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி உங்க வீட்ல எத்தனை பேர், எத்தனை யூனிட், எத்தனை வண்டி. பழைய மீட்டர் கார்டு இருந்தா தேடி எடுங்க, இல்லன்னா வீட்ல என்னென்ன இருந்துச்சுன்னு அம்மாகிட்ட கேட்டா போதும், ஃப்ரிட்ஜ் எந்த வருஷம் வந்துச்சு, கிரைண்டர் எந்த வருஷம் வந்துச்சுன்னு தேதியோட சொல்வாங்க. நிறைய வீட்ல ஆள் குறைஞ்சிருப்பாங்க, யூனிட் ஏறியிருக்கும்.

இதுல ஜனத்தொகைன்னு நாம சொல்றதுக்குள்ளயே ஒளிஞ்சிருக்குற ஒரு விஷயம் உண்டு. 2001ல இருந்து 2011க்குள்ள தமிழ்நாட்டு ஜனத்தொகை 6.24 கோடியில இருந்து 7.21 கோடி ஆச்சு, 15.6% தான் கூடுச்சு. அதே பத்து வருஷத்துல வீட்டு எண்ணிக்கை, அதாவது தனித்தனி குடும்பமா அடுப்பு எரியிற வீடு, சுமார் 1.42 கோடியில இருந்து 1.85 கோடி, 30% கூடுச்சு. வீட்டுக்கு 4.4 பேர் இருந்தது 3.9 ஆயிடுச்சு. ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு கிரைண்டர், ஒரு வாஷிங் மெஷின் ஓடின இடத்துல ரெண்டு ரெண்டு ஓடுது, தலை அவ்வளவு கூடல. தனிக்குடித்தனம் தப்புன்னு நான் சொல்ல வரல, மருமகளா போய் கூட்டுக்குடும்பத்துல இருந்தவங்களுக்கு அதோட கஷ்டம் தெரியும், ஆனா கணக்கு போடும்போது "ஜனம் கூடுச்சு"ன்னு ஒரே வார்த்தையில எழுதாம "வீடு கூடுச்சு"ன்னு தனியா ஒரு வரி போடுங்க.

தண்ணியும் குப்பையும்: இங்க தலைய எண்ணித்தான் ஆகணும்

கார்பன்ல ஆளுக்கு ஆள் 10 மடங்கு வித்தியாசம் வருதுன்னு பாத்தோம், ஆனா குடிக்கிற தண்ணி, குளிக்கிற தண்ணி, டாய்லெட் தண்ணியில அவ்வளவு வராது. நகரத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு அரசாங்கமே ஒரு அளவு வச்சிருக்கு, பணக்கார வீட்ல அது 300 ஆகலாம், குடம் தூக்குற தெருவுல 50 ஆகலாம், அவ்வளவு தான். அதனால சென்னை மாதிரி ஊர்ல ஒரு ஏரியாவுல பத்தாயிரம் பேர் புதுசா குடி வந்தா அந்த ஏரியா நிலத்தடி தண்ணி மேல பாரம் நிச்சயம் ஏறும், சாக்கடையும் ஏறும், நாமளும் அதை ஒத்துக்கணும். 2019 ஜூன்ல சென்னைக்கு தண்ணி குடுக்குற ஏரிங்க வத்திப்போய் ஜூலையில ரயில்ல தண்ணி கொண்டு வந்தாங்களே, அப்ப தலை எண்ணிக்கையும் ஒரு காரணம் தான். ஆனா தலை மட்டும் இல்ல, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல பெரும்பகுதிய குப்பை கொட்டியும் கட்டடம் கட்டியும் முழுங்கினது பக்கத்துல குடிசை போட்ட ஜனம் மட்டுமா? ஐடி கம்பெனி கட்டடம், பெரிய பெரிய அபார்ட்மெண்ட், ரோடு எல்லாம் அங்க தான் நிக்குது.

தண்ணி கணக்கு போடுறது இப்படி: வீட்ல சம்பு இருந்தா காலையில ஒரு குச்சிய விட்டு ஆழம் பாருங்க, போர் மோட்டார் போட்டு சம்ப நிரப்பாம, ஊர் தண்ணியும் வராத ஒரு நாள் பாத்து அடுத்த நாள் காலையில மறுபடி பாருங்க, குறைஞ்ச உயரத்த சம்பு நீளம் அகலத்தோட பெருக்குனா லிட்டர் வரும், ஒரு கன மீட்டர்னா 1,000 லிட்டர். மேல் டேங்க்ல மிச்சம் இருக்குறதையும் ரெண்டு நாளும் பாத்துக்கோங்க. லாரி தண்ணி வாங்குறவங்களுக்கு இன்னும் ஈசி, 12,000 லிட்டர் லாரி எத்தனை நாளைக்கு வருதுன்னு பாத்து அந்த நாளாலயும் ஆள் எண்ணிக்கையாலயும் வகுங்க. ஒரு நாளைக்கு ஆளுக்கு 135க்கு மேல போச்சுன்னா அந்த மேல போன பங்கு தான் நுகர்வு, 135 வரைக்கும் இருக்குறது தலை. ஒரே வீட்டுக்குள்ளயே ரெண்டையும் பிரிச்சு காட்டுறதுக்கு இத விட சுலபமான வழி எனக்கு தெரியல.

சாப்பாட்டுல இருக்குற தண்ணி வேற கணக்கு. இந்தியால எடுக்குற தண்ணியில 80%க்கு மேல விவசாயத்துக்கு தான் போகுது, அதனால தட்டுல என்ன விழுதுங்கறதும் எவ்வளவு குப்பைக்கு போகுதுங்கறதும் குளியல விட பெரிய விஷயம். ஒரு காட்டன் டி-ஷர்ட்டுக்கு பருத்தி விளையறதுல இருந்து சாயம் வரைக்கும் சுமார் 2,700 லிட்டர்னு சொல்றாங்க, நீங்க 20 நாள் குளிச்சு துவைச்சு சமைக்கிற தண்ணி.

குப்பைக்கு எடை போட்டே பாத்துடுங்க. ஒரு வாரத்து காய்ஞ்ச குப்பைய ஈரக்குப்பையோட கலக்காம சேத்து வச்சு மொட்டை மாடியில பேப்பர் விரிச்சு கொட்டுங்க. எங்க வீட்ல பரப்பி பாத்தப்ப ஒரு பக்கம் பால் கவர், ஷாம்பு சாஷே, எண்ணெய் பாக்கெட்டு, இதெல்லாம் ஆள் இருந்தா வந்து தான் தீரும். இன்னொரு பக்கம் ஆர்டர் போட்டு வந்த அட்டை டப்பா, அதுக்குள்ள இன்னொரு அட்டை டப்பா, காத்து அடைச்ச பிளாஸ்டிக், ஒரு சின்ன யூஎஸ்பி வயருக்கு செருப்பு டப்பா சைசுல ஒரு பெட்டி, ஹோட்டல் சாப்பாடு வந்த கருப்பு டப்பா நாலு, பிரிக்காத சாஸ் பாக்கெட் ஒரு கைப்பிடி. முதல் குவியல் ஒரு கட்டைப்பைக்குள்ள அடங்கிடுச்சு, ரெண்டாவது குவியலுக்கு கோணிப்பை வேண்டியிருந்துச்சு. நீங்களும் இப்படி ரெண்டா பிரிங்க, "ஆள் இருக்குறதால வந்தது", "ஆர்டர் போட்டதால வந்தது". கொடுங்கையூர், பெருங்குடி குப்பை மேடு ஏன் அந்த உயரம் வந்துச்சுன்னு அதுக்கப்புறம் யோசிச்சா வேற மாதிரி தெரியும்.

பொருள் எங்க செய்யுறாங்க, எங்க பயன்படுத்துறாங்க

இதை விட்டுட்டா கணக்கு முழுசா தப்பா போயிடும். திருப்பூர எடுத்துக்கோங்க. நொய்யல் ஆத்துல சாயத்தண்ணி ஓடி ஓடி, ஈரோடு கரூர் பக்க பாசனத்துக்குன்னு கட்டுன ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்குற குட்டையா மாறிப்போச்சு, "அந்த தண்ணிய திறக்காதீங்க"ன்னு விவசாயிங்களே கெஞ்சுற நிலைமை, எந்த ஊர்ல அணை திறக்காதீங்கன்னு விவசாயி கேப்பாங்க சொல்லுங்க. உப்பு மண்ணுல ஏறி கிணத்து தண்ணியும் போச்சு, தென்னை கருகுச்சு. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைங்கள மூட சொல்லி உத்தரவு போட்டுச்சு, கழிவுத்தண்ணி ஒரு சொட்டு கூட வெளிய விடாம சுத்திகரிச்சா தான் திறக்கலாம்னு. வேலை போன தொழிலாளிங்க பட்ட பாடு தனி கதை.

இப்ப கேளுங்க, இது ஜனத்தொகையால வந்ததா? திருப்பூர்ல ஜனம் ஜாஸ்தி தான், ஆனா அவங்க வந்ததே பனியன் தைக்க, அந்த பனியன்ல பெரும்பங்கு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போச்சு, அங்க அஞ்சாறு தடவை போட்டுட்டு தூக்கி போடுற விலையில வித்துச்சு. போட்டது அங்க, நாசமானது நொய்யல். உலக கணக்கு புத்தகத்துல அது "இந்தியாவோட மாசு"ன்னு தான் பதிவாகும். பாலாத்தங்கரை ராணிப்பேட்டை, வாணியம்பாடி தோல் கதையும் கிட்டத்தட்ட இது தான். அதனால எந்த கணக்க பாத்தாலும் "செஞ்ச இடத்துல எழுதுனதா, பயன்படுத்துன இடத்துல எழுதுனதா"ன்னு கேளுங்க.

வாட்ஸ்அப்ல வர்ற கிராஃப எப்படி படிக்கிறது

நாலு கேள்வி போதும். மொத்தமா, தலைக்கா? எந்த வருஷத்துல இருந்து? செஞ்ச இடமா, பயன்படுத்துன இடமா? சராசரிக்குள்ள யார் யார்? உதாரணத்துக்கு "கார்பன்ல இந்தியா உலகத்துல மூணாவது இடம்"னு வரும், உண்மை தான், மொத்த கணக்கு. தலைக்கு பாத்தா உலக சராசரியில பாதி கூட இல்ல. தொழிற்புரட்சி காலத்துல இருந்து சேத்து வச்சது யாருன்னு பாத்தா அமெரிக்கா மட்டும் சுமார் கால்வாசி, இந்தியா சுமார் 3%. கார்பன் போன வருஷம் விட்டது இந்த வருஷம் காணாம போற சமாச்சாரம் இல்ல, நூத்துக்கணக்கான வருஷம் மேலயே நிக்கும், அதனால பழைய கணக்கும் சேர்த்தி தான். அதே சமயம் இதை காட்டி ஓஎம்ஆர் ஃப்ளாட்காரர் தப்பிக்க முடியாது, இந்தியா சராசரி கம்மியா இருக்குறதே மதுரை லைன் வீட்டாலயும் அதுக்கு கீழ இருக்குற கோடிக்கணக்கான வீட்டாலயும் தான்.

"ஜனத்தொகை வெடிப்பு"ன்னு வந்தா ரெண்டு நம்பர் கையில வச்சுக்கோங்க. ஒரு பொண்ணுக்கு சராசரியா எத்தனை குழந்தைங்கற கணக்கு 2019-21 சர்வேயில இந்தியாவுக்கு 2.0, தமிழ்நாட்டுக்கு 1.8. ஜனத்தொகை அப்படியே நிக்கணும்னாலே 2.1 வேணும். அப்ப ஏன் இன்னும் கூடுது? பெத்துக்கிற வயசுல இருக்குறவங்க எண்ணிக்கை ஏற்கனவே பெருசு, அதனால ஐநா கணக்குப்படி 2060கள் வரைக்கும் மெதுவா ஏறி அப்புறம் இறங்கும். இன்னைக்கே பிறப்பு பாதியா குறைஞ்சாலும் அடுத்த 20 வருஷத்துக்கு ஏசி போட போறவங்க, கார் வாங்க போறவங்க எல்லாரும் பொறந்தாச்சு. கார்பனுக்கு கையில நேரம் கம்மி, ஜனத்தொகை ரொம்ப மெதுவா திரும்புற சக்கரம், பயன்பாடும் அழுக்கும் அடுத்த வருஷமே மாத்தக்கூடியது.

இன்னொண்ணு, சொல்லியே ஆகணும். "கட்டுப்படுத்தணும்"னு கோவமா பேசி அதிகாரம் கையில எடுத்தா என்ன ஆகும்னு 1976-77ல பாத்தாச்சு, எமர்ஜென்சி நேரத்துல ஒரே வருஷத்துல 80 லட்சம் பேருக்கு மேல ஆபரேஷன் பண்ணாங்க, நிறைய பேர வலுக்கட்டாயமா, மாட்டுனது பெரும்பாலும் ஏழைங்க. இன்னைக்கும் குடும்பக்கட்டுப்பாடு பாரத்த தூக்குறது பொம்பளைங்க தான், இந்தியால கல்யாணமான பொண்ணுங்கள்ல 38% பேர் ஆபரேஷன் பண்ணிருக்காங்க, ஆம்பளைங்க பண்ணது 0.3%. பொண்ணுங்க படிச்சா, வேலைக்கு போனா, குழந்தை பொழைக்கும்னு நம்பிக்கை வந்தா பிறப்பு தானா குறையும், தமிழ்நாடும் கேரளாவும் அப்படித்தான் குறைச்சுது. அது அந்த பொண்ணுங்க நல்லதுக்காக நடக்க வேண்டியது, நம்ம கார் ஓடுறதுக்கு இடம் விடுறதுக்காக இல்ல.

அதனால வீட்டு க்ரூப்ல சித்தப்பா ஃபார்வர்ட் போட்டா சண்டைக்கு போகாதீங்க, "சித்தப்பா, நீங்க சொல்றது தண்ணிக்கு ஓரளவு சரி, புகைக்கு சரியா வரல, நம்ம வீட்டு யூனிட்டையும் பெரியம்மா வீட்டு யூனிட்டையும் போட்டு பாப்போமா"ன்னு கேளுங்க. சொந்த வீட்டு நம்பர் வந்துட்டா பேச்சு உடனே தரைக்கு வந்துடும்.

கணக்கு போட்டாச்சு, எதுல கை வைக்கிறது

எது பெருசோ அதுல. ஓஎம்ஆர் வீட்டு கணக்குல கரெண்டு பாதிக்கு மேல, அடுத்து கார். அங்க பிளாஸ்டிக் ஸ்ட்ரா வேணாம்னு சொல்றதுல ஒண்ணும் நடக்காது. ஏசிய 24ல வைங்க, ஒவ்வொரு டிகிரி ஏத்துறதுக்கும் சுமார் 6% கரெண்டு மிச்சம், கூட ஃபேன் போட்டுக்கோங்க. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம், நாள் முழுக்க ஓடுற ரூம்ல முதல்ல மாத்துங்க. மாடி உங்களோடதா இருந்தா சோலார் போடுங்க, அது ஃபார்முலாவுல மூணாவது இடத்துல இருக்குற "அழுக்கு"ல நேரா கை வைக்குது. கார்ல தனியா போற ஆபீஸ் தூரத்துக்கு மெட்ரோவோ பஸ்ஸோ கிடைச்சா வாரத்துல ரெண்டு நாளாவது மாத்தி பாருங்க, லிட்டர் கணக்கு குறையிறது மாசக் கடைசியில தெரியும். டெல்லிக்கு ரயில்ல போனா அந்த 300ல பெரும்பகுதி போயிடும், நேரம் ஆகும், அதுல சந்தேகம் இல்ல.

மதுரை வீட்ல எதுவும் குறைக்க சொல்லாதீங்க. மே மாசம் அந்த லைன் வீட்டு ஓட்டுக்கு கீழ படுத்து பாத்தவங்களுக்கு தெரியும், அங்க தாத்தாவுக்கு இன்னும் கொஞ்சம் கரெண்டு தேவை தான். அவங்களுக்கு கூட வேண்டியதுக்கு இடம் விடுறது தான் மேல இருக்குறவங்க குறைக்கிறதுக்கு காரணமே.

கணக்கு நோட்ட தூக்கி போடாம வச்சிருங்க. 2027 மார்ச் 1ஐ தேதியா வச்சு அடுத்த சென்சஸ் எடுக்குறாங்க, அது வந்ததும் டிவியில எல்லாரும் ஒரே ஒரு நம்பர தான் கத்துவாங்க, மொத்த ஜனத்தொகை எவ்வளவுன்னு. நீங்க அதோட நிறுத்தாம அதே புத்தகத்துல உங்க மாவட்டத்துல எத்தனை வீடு, கார் இருக்குற வீடு எத்தனைன்னு கிடைக்கிற அட்டவணைய எல்லாம் எடுத்து 2011 நம்பரோட பக்கத்துல பக்கத்துல வச்சு எது எத்தனை சதவீதம் கூடுச்சுன்னு வகுத்து பாருங்க, அந்த ஷீட்ட சித்தப்பாவுக்கும் அனுப்பிடுங்க.